உயிரெழுத்து பாடத்திட்டத்தில் இல்லை

ஜூலை 7, திங்கள்

இதைக் கண்டெடுத்தவர் யாராக இருந்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுங்கள். வார்டன் மேடத்திடம் கொடுக்காதீர்கள். தங்கராசு சாரிடமும் கொடுக்காதீர்கள். அவர் நல்லவர்தான், ஆனால் பயந்தவர், பயத்திலேயே மேலிடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். என் அம்மாவிடம் மட்டும் எக்காரணம் கொண்டும் காட்டாதீர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது பிடித்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லும். அப்புறம் ஊருக்கே தெரிந்துவிடும்.

என் பெயர் பூங்கோதை. பதினொன்றாம் வகுப்பு. ஊர் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். பள்ளி நாமக்கல் பக்கம், பெயர் வேண்டாம். விடுதியில் கடைசிக் குளியலறைக்கு மட்டும்தான் உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததால் எனக்கு இங்கே இலவச இடம். ஏதாவது ஒரு பாடத்தில் தோற்றாலும் இடம் போய்விடும். போனால் மில்தான். மில்லைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அங்கேதான் இருக்கிறாள். அங்கேயும் விடுதி, வேளைக்குச் சாப்பாடு, வேன். பொங்கலுக்கு வந்தபோது இரவெல்லாம் இருமினாள். பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லையாம். மற்றபடி நல்ல வேலை.

இன்று காலைப் பிரார்த்தனையில் தாளாளர் ஐயா ஓர் அறிவிப்புச் செய்தார். எதிர்ப் பள்ளியில் பிரெஞ்சு ஆரம்பித்துவிட்டார்கள். மொழிப் பாடத்தில் அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் முழு மதிப்பெண் எடுக்கப் போகிறார்கள். ஆகவே நம் பள்ளியில் இத்தாலியன். தாளாளருக்குக் கோழிப் பண்ணையும் உண்டு. முட்டைகளை எடைவாரியாகப் பிரிக்கும் புது இயந்திரம் இத்தாலியிலிருந்து வந்திருக்கிறது. பெட்டியின்மேல் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு இந்த யோசனை தோன்றியதாம்.

தமிழை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.

ஜூலை 9, புதன்

முதல் வகுப்பு. ஆசிரியர் தங்கராசு சார். போன வாரம்வரை விலங்கியல் நடத்தினார். அவருக்குத்தான் ஒரு பாடவேளை சும்மா இருந்ததாம். கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை அவரைப்போல யாரும் வரைய முடியாது.

இத்தாலிய மொழியில் இருபத்தொரு எழுத்துகள். அதில் ஐந்து உயிர், மீதி மெய். புத்தகத்தைத் திறந்தால் முதல் சில பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். எல்லார் புத்தகத்திலும் அப்படித்தான். உயிரெழுத்துகள் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்றார் சார்.

என் பக்கத்துக் கட்டில் நஸ்ரின் கிருஷ்ணகிரிக்காரி. வாய் நிற்காது. ஏன் சார் மூடியிருக்கு என்று எழுந்து கேட்டாள்.

"அதெல்லாம் பதினொன்னாவது பாடம்மா. பதினொன்னாவது பாடம் நம்ம நடத்தறதில்ல."

"நாங்க பதினொன்னாவதுதானே சார் படிக்கிறோம்?"

"ஆமா. அதனாலதான் பன்னெண்டாவது நடத்தறோம்."

இது எங்களுக்குப் புரிந்தது. இயற்பியலிலும் வேதியியலிலும் இதுதான் முறை. பொதுத் தேர்வில் கேட்காததைப் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆகவே நேரடியாக மெய்யெழுத்துகள். சார் கரும்பலகையில் வரிசையாக எழுதி, உயிர் கலக்காமல் சொல்லச் சொன்னார். ப். த். ஃப். ல். ம். ன். எர்ர்ர் என்று வருவதில் முன்னால் இருக்கும் எ முதலாண்டுப் பாடமாம். அதை நீக்கிவிட்டு நாக்கை மட்டும் உதற வேண்டும்.

வகுப்பு முழுவதும் சேர்ந்து ஸ் சொன்னபோது சமையல்கார அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். குக்கர் என்று நினைத்துவிட்டாராம்.

ஒரே ஓர் இடத்தில் சிக்கல் வந்தது. மூன்றாவது எழுத்துக்கு இரண்டு ஒலி. பின்னால் வரும் உயிரைப் பொறுத்து க் என்றோ ச் என்றோ ஒலிக்குமாம். பின்னால் உயிரே கிடையாதே, எப்படிக் கண்டுபிடிப்பது? சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். யாரையோ கேட்டுவிட்டுத் திரும்பினார். திங்கள், புதன், வெள்ளி க். செவ்வாய், வியாழன், சனி ச். இன்று புதன். எல்லாரும் க் சொன்னோம்.

எச் போல ஓர் எழுத்து இருக்கிறது. அதற்கு ஒலியே கிடையாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒரு மதிப்பெண். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அதுதான்.

ஜூலை 12, சனி

எனக்கு வரவில்லை. இதை இங்கே மட்டும்தான் சொல்கிறேன்.

வாய்மொழித் தேர்வு தினமும் உண்டு. வார்டன் சரோஜா மேடம் ஒரு மர ஸ்கேலைத் தாடைக்குக் கீழே கிடையாகப் பிடிப்பார். மெய்யெழுத்துக்குத் தாடை இறங்கத் தேவையில்லை. இறங்கி ஸ்கேல் அசைந்தால் உயிர் கலந்துவிட்டது என்று அர்த்தம். நான் ப் சொன்னால் கடைசியில் ஒரு அ ஒட்டிக்கொள்கிறது. த் சொன்னாலும் அப்படியே. ஸ்கேல் ஆடிக்கொண்டே இருந்தது.

நஸ்ரினுக்குச் சுலபமாக வருகிறது. பேசும்போது கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று சொல்கிறாள். "நீ ஒவ்வொரு எழுத்தையும் பெத்த புள்ளையாட்டம் கொஞ்சறடி. கடிச்சுத் துப்பு," என்றாள்.

கடித்துத் துப்பிப் பார்த்தேன். துப்பியது மேடத்தின் புடவையில் விழுந்தது.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஓர் உண்மையான இத்தாலியர் வந்தார்.

முட்டை இயந்திரத்தைப் பூட்ட வந்தவர். பெயர் எலியோ. உயரம், காது வரை சிரிப்பு, சட்டையில் கோழி இறகு. தாளாளர் அவரை எங்கள் வகுப்புக்கு அழைத்துவந்து, எங்கள் பிள்ளைகள் உங்கள் மொழியை எப்படிப் பேசுகிறார்கள் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாங்கள் எழுந்து ப், ச், த், ஃப் என்று தொடங்கி ட்ஸ் வரை ஒப்பித்தோம். செவ்வாய் என்பதால் ச்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். மேலே விசிறியைப் பார்த்தார். எங்கேயோ காற்று கசிகிறது என்று நினைத்தார் போலிருக்கிறது.

பிறகு அவரையே பேசச் சொன்னார்கள். அவர் வாயைத் திறந்தார். அப்பா, என்ன சொல்வது! ஒரு சொல்கூட மெய்யில் முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஆ என்றோ ஓ என்றோ ஏ என்றோ வாயைத் திறந்துகொண்டே முடிந்தது, எங்கள் ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. கைகளையும் வீசினார். எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

தாளாளர் முகம் சுருங்கியது. "என்ன தங்கராசு, இந்தாளு பூராப் பதினொன்னாவது பாடமாவே பேசறாரு?"

சாருக்கும் சங்கடம். அவர்கள் ஊரில் அஸ்திவாரம் சரியில்லை போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். உடனே அங்கேயே ஒரு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். மேடம் ஸ்டூல்மேல் ஏறி அவர் தாடைக்குக் கீழே ஸ்கேலைப் பிடித்தார். முதல் எழுத்திலேயே ஸ்கேல் தெறித்துப் போய்விட்டது. ஒலியில்லாத எழுத்தைக் காட்டியதும் அவர் தெளிவாக "அக்கா" என்றார். அதன் பெயரே அதுதானாம். சமையல்கார அக்கா சமையலறையிலிருந்து என்னங்க என்று குரல் கொடுத்தார்.

எலியோ தோல்வி.

ஜூலை 17, வியாழன்

நஸ்ரின் அலுவலக அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவந்த செய்தி. இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று தாளாளர் கையெழுத்துப் போட்டால்தான் எலியோ ஊருக்குத் திரும்ப முடியும். அவருடைய கம்பெனி விதியாம். தாளாளர் போட மறுத்துவிட்டார். சொந்த மொழியிலேயே பெயிலானவர் பூட்டிய இயந்திரத்தை நான் எப்படி நம்புவது என்று கேட்டாராம்.

இதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எலியோ எங்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டார். கடைசி பெஞ்சில் கால் நுழையவில்லை என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். கழுத்தில் பள்ளி டை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது சார் பாடத்திட்டப்படி கூப்பிடுகிறார். எலியோ என்ற பெயரை இத்தாலிய எழுத்தில் எழுதி உயிரையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ல் மட்டும். ஆகவே அவர் ல். நான் ப்ங்க்த். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

எங்கள் பள்ளியில் ஒருவர் தாளை மற்றவர் திருத்துவது வழக்கம். ஜோடி போட்டார்கள். மெல்லக் கற்போர் என்று இரண்டே பேர்தான் இருந்தார்கள், நானும் அவரும். அவர் தவறினால் நான் கை தூக்க வேண்டும், நான் தவறினால் அவர். மறைத்தால் இருவருக்கும் பூஜ்யம்.

இன்று நாள் முழுவதும் எங்கள் இரண்டு கைகளும் மேலேயே இருந்தன.

ஜூலை 20, ஞாயிறு

மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு, பிரார்த்தனைக் கூடத்தில். சார் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எலியோ சுற்றிலும் பார்த்துவிட்டு என்னை அருகே கூப்பிட்டார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஐந்து உயிரெழுத்துகளையும் வரிசையாகச் சொல்லிக் காட்டினார். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் காட்டக்கூடாத எதையோ காட்டுகிறவர் மாதிரி நெற்றியெல்லாம் வியர்வை.

ஆ. ஏ. ஈ. ஓ. ஊ.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ரகசியம் என்றால் புதிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவையெல்லாம் பால்வாடிக்குப் போகும் முன்பே எனக்குத் தெரியும். தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. சார் திரும்பி வருவதற்குள் நாங்கள் இருவரும் எச் சொல்லிக்கொண்டு நின்றோம்.

ஜூலை 26, சனி

எனக்குக் கொஞ்சம் வருகிறது. வழி கண்டுபிடித்துவிட்டேன். எழுத்தைச் சொல்லும்போது தொண்டைக்குள் ஒரு கதவைச் சாத்திவிட வேண்டும். முதலில் வலித்தது. இப்போது இல்லை. இன்று ஸ்கேல் மூன்றே முறைதான் அசைந்தது. மேடம் என் தலையைத் தடவிக்கொடுத்தார். மேடம் யார் தலையையும் தடவியதில்லை.

எலியோவுக்கும் வந்துவிட்டது. அவருக்கு என்னைவிட வேகமாக வருகிறது. கைகளை வீசுவதும் நின்றுவிட்டது.

மாலையில் பார்வையாளர் கூடத்திலிருந்து அவர் தன் அம்மாவுக்குப் போன் செய்வார். முதல் வாரம் அவர் பேசினால் பண்ணைக் கோழிகள்கூடத் திரும்பிப் பார்க்கும். நேற்று நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அவர் ப்ர்ட் க்ஸ் ம் என்கிறார். அந்தப் பக்கம் அந்த அம்மா எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறார். மகன் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது என்று நினைத்திருப்பார்.

எலியோ போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த மூலையைப் பெருக்காமலே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முழுத் தேர்வு அடுத்த வெள்ளி. தாளாளர் புது விதி போட்டிருக்கிறார். தேர்வு முடியும்வரை விடுதியில் யாரும் எந்த மொழியிலும் உயிரெழுத்தை உச்சரிக்கக் கூடாது. தமிழில் ஒரு ஆ சொன்னால் இத்தாலியனுக்காகப் பழக்கிய நாக்கு கெட்டுவிடும். விளையாட்டு வீரர்கள் போட்டிக்கு முன்னால் ஐஸ் சாப்பிடாமல் இருப்பது மாதிரி என்றார்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் ச்ட்ன் கேட்டேன், சட்னி கிடைத்தது. எனக்குப் பின்னால் நின்று ச்ம்ப்ர் கேட்ட பெண்ணுக்கும் சட்னிதான் கிடைத்தது. ஊறுகாய் கேட்க நினைத்தவர்கள் விரலால் நக்குவதுபோலச் சைகை காட்டினார்கள். மாலைப் பிரார்த்தனையில் ஆர்மோனியம் மட்டும் பாடியது. நாங்கள் ம் என்று நின்றோம்.

நஸ்ரின் மாட்டிக்கொண்டாள். சிரித்துவிட்டாள். சிரிப்பில் முழுக்க உயிர்தானாம். மைதானத்தை ஓடிச் சுற்றச் சொன்னார்கள். திரும்பி வந்தவள் மூச்சிரைக்க என்னைப் பார்த்து க்க்க்க் என்றாள். இனி அதுதான் அவள் சிரிப்பாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பள்ளிக்கு விடுமுறை இல்லை. ஞாயிறு என்பதால் போன் உண்டு.

போன் பேசும்போது மேடம் ஸ்கேலோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கு மட்டும் இல்லை.

அம்மா ஒகேனக்கல்லிலிருந்து பேசியது. யாருடைய போனோ. பின்னால் தண்ணீர் இரைச்சல். தலை முழுகிவிட்டு ஈரத்தோடு நிற்பதாகச் சொன்னது. சாப்டியா என்று கேட்டது. ம் என்றேன். புதுச் செருப்பு கடிக்குதா என்று கேட்டது. ம் என்றேன். இல்லை என்பதற்கும் ம் தான், இழுப்பதில்தான் வித்தியாசம், அந்த இரைச்சலில் அது போய்ச் சேர்ந்திருக்காது.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னது. அக்கா மில்லிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம். இருமல் அதிகமாம். அவள் இருந்த இடத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லி மில்லிலிருந்து இரண்டு தடவை வந்து போனார்களாம். மூன்று வருட ஒப்பந்தம் பாதியில் நிற்கிறதாம்.

"எனக்கு ஒண்ணும் ஓடல கண்ணு. நீ படிக்கிற புள்ள. உனக்கு இஷ்டமில்லன்னா ஒரே வார்த்த வேணாம்னு சொல்லிடு. நான் அவங்கள வெரட்டி வுட்டுடறேன். அக்கா மாதிரி பயந்துகினு எனக்காவ சரின்னு சொல்லாத. சொல்லு, போறியா?"

மேடம் ஸ்கேலை என் தாடையோடு ஒட்டிப் பிடித்திருந்தார். ஐந்து நாளில் தேர்வு. ஸ்கேல் ஒரு தடவை அசைந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வில் தோற்றால் இடம் போய்விடும். இடம் போய்விட்டால் மில்.

ம் என்றேன்.

"நெசமாவா?"

ம்.

அம்மா மூக்கை உறிஞ்சியது. ஈரத்தோடு நின்றால் சளி பிடிக்காமல் என்ன செய்யும். அடுத்த ஞாயிறு விடிய வேன் வரும், நானும் கூட வரேன், துணிமணி எடுத்து வை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

ஸ்கேல் அசையவே இல்லை என்று மேடம் சொன்னார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று க்.

ஆகஸ்ட் 6, புதன்

கடிதம் எழுதலாம். எழுதினால் அம்மா யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லும். எங்கள் தெருவில் படிக்கத் தெரிந்தவர் மில்லுக்கு ஆள் பிடிப்பவர்தான் என்று அவரிடமே போய் நிற்கும். மேலும் கடிதங்களை மேடம்தான் அனுப்புவார், படித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

போன் அடுத்த ஞாயிறுதான். அதற்குள் வேன் வந்துவிடும்.

தேர்வு முடிந்த பிறகு எல்லாரும் பேசலாம். வெள்ளி மாலை மேடத்திடம் அனுமதி கேட்டு ஒரே ஒரு போன் செய்துவிட வேண்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதற்குள் நான் தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தேர்வு. எதிர்ப் பள்ளித் தாளாளரையும் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். எலியோவும் நானும் எதிரெதிரே நின்றோம். அவர் மெய்யெழுத்துகளை வரிசையாகச் சொன்னார். ஸ்கேலுக்கு வேலையே இல்லை. உதடுகூட அசைந்ததாகத் தெரியவில்லை, எங்கிருந்து ஒலி வருகிறது என்று எதிர்ப் பள்ளித் தாளாளர் குனிந்து பார்த்தார். நான் கை தூக்கவில்லை. நான் சொன்னேன். அவரும் தூக்கவில்லை.

இருவருக்கும் முழு மதிப்பெண். என் இலவச இடம் தொடர்கிறது என்று தாளாளர் மேடையிலேயே சொன்னார். எலியோவுக்கு மாலை போட்டு, இயந்திரக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். "இப்பதான் நீ இத்தாலிக்காரன்," என்று தோளில் தட்டினார். எலியோ நன்றி சொல்ல வாயெடுத்தார். க்ர்ட்ஸ் என்று வந்தது.

மாலை போனுக்கு அனுமதி கேட்கப் போனேன். மேடம் அன்பாகத்தான் இருந்தார். என்னம்மா வேண்டும், இப்போது தாராளமாகப் பேசலாம் என்றார்.

வாயைத் திறந்தேன். தொண்டைக்குள் அந்தக் கதவு திறக்கவில்லை.

ப்ன் என்றேன். ம்ட்ம் ப்ன் என்றேன். மேடம் சிரித்து, பரிட்சை முடிந்தும் எவ்வளவு ஈடுபாடு பாரு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 9, சனி

சரியாகவில்லை. நஸ்ரினுக்கும் மற்றவர்களுக்கும் நேற்றே வந்துவிட்டது. விடுதி முழுவதும் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் இல்லை. நஸ்ரின் என்னென்னவோ செய்து பார்த்தாள். கிச்சுகிச்சு மூட்டினாள். க்க்க்க் என்று வந்தது. அவளே பயந்துபோனாள்.

மாலை எலியோ கிளம்பினார். வழியனுப்ப எங்களைப் பிரார்த்தனைக் கூடத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெட்டியோடு வந்தவர் கார் வரும்வரை ஒரு மூலையில் நின்று போனை எடுத்தார். ஊருக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் போல. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எலியோ, எலியோ என்று. அவர் ல் என்றார். ம்ம் என்றார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

யாரும் அசையவில்லை. நான் எப்படி வரிசையை விட்டுப் போனேன் என்று தெரியவில்லை. எதிரே போய் நின்று, அக்கா சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போது செய்வாளே அதுபோல, அவர் தாடையைப் பிடித்தேன்.

"ஆ காட்டுங்க," என்றேன்.

அவர் ஆ காட்டினார். அப்படியே சத்தமும் வந்தது. "ஆ."

அப்போதுதான் எனக்கு வந்துவிட்டது தெரிந்தது. நிறுத்தாமல் மற்றவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். மாட்டை ஓட்டுவதுபோல ஏ. பல்லைக் காட்டி ஈ. ஆச்சரியப்பட்டு ஓ. அடுப்பு ஊதுவதுபோல ஊ. இத்தாலிக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஸ்கேல் பிடித்திருந்தால் ஒடிந்தே போயிருக்கும். பிறகு போனை வாயருகே வைத்து, "மம்மா," என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. முழுக்கப் பதினொன்றாம் வகுப்புப் பாடம்.

அவர் கைகள் மறுபடியும் வீச ஆரம்பித்தன. ஒரு வீச்சில் தங்கராசு சாருடைய கண்ணாடி விழுந்தது. சார் குனிந்து தேடுவதுபோல வெகு நேரம் குனிந்தே இருந்தார்.

கார் போன பிறகு வார்டன் மேடம் என்னிடம் வந்தார். முழு மதிப்பெண் எடுத்தவள் எல்லார் முன்னிலையிலும் பாடத்திட்டத்துக்கு வெளியே பேசினால் மற்ற பிள்ளைகள் என்ன ஆகும் என்று கேட்டார். தாளாளருக்குச் சொல்லிவிட்டாராம். என் இடத்தைப் பற்றித் திங்களன்று முடிவு செய்வார்களாம். போன் கேட்டேன். தெளிவாகத்தான் கேட்டேன். அதுவும் திங்களுக்குப் பிறகுதான் என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, இன்னும் விடியவில்லை

துணிமணி எடுத்து வைக்கவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் காலியாகவே இருக்கிறது. நஸ்ரின் அதன்மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருக்கிறாள். யாராவது எடுக்க வந்தால் தூக்கத்தில் உதைப்பதுபோல உதைப்பாளாம்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று இங்கே வாளிமேல் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் அம்மா. நான் வரமாட்டேன். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அன்றைக்கு நான் சொன்னது சரி என்று அர்த்தம் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னால் எல்லாம் வருகிறது. குழாயை மூடினால் முதல் எழுத்திலேயே தொண்டை அடைக்கிறது. நேற்று அவருக்காக வந்தது. எனக்காக வருமா என்று தெரியவில்லை.

திங்களன்று இடத்தையே எடுத்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்றும் தோன்றுகிறது. அதைத் திங்களன்று பார்த்துக்கொள்ளலாம். இன்று அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அது மட்டும்.

வாசலில் வேன் சத்தம். இன்ஜினை அணைக்கவில்லை.

படிக்கட்டில் யாரோ வருகிறார்கள். இரண்டு பேர். மேடத்தின் செருப்புச் சத்தம் தெரியும். இன்னொருவருக்குச் செருப்பு இல்லை.

கதவைத் தட்டுகிறார்கள். மேடம் ஸ்கேலால்தான் தட்டுவார். இது ஸ்கேல் இல்லை, வளையல்.

"கோத, நாந்தான். உள்ளாற என்னா பண்ற? வேன்காரன் கத்தறான். கெளம்பலாமா கண்ணு?"

ம் வருகிறது. உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து